தவநாயகி கூட்டிய புல்திடல்

லண்டன் எட்மண்டனில் தமிழர் வாங்கும் வீடுகளில் முதலில் போவது சமையலறைச் சுவர், அடுத்தது பின் வளவுப் புல். சுவரை இடித்து அறையைப் பெரிதாக்குவார்கள். புல்லைக் கிண்டி எறிந்துவிட்டுக் கல் பதிப்பார்கள். தவநாயகியும் அதைத்தான் செய்வித்தாள். வீடு வாங்கிய இரண்டாம் மாதமே பின் வளவு முழுக்கச் சீமெந்துக் கல், மூலையில் மீன் பொரிக்க ஒரு மரக் கொட்டில். வீட்டைச் சுற்றிப் புல் நின்றால் அந்த வீட்டில் ஆளில்லை, அல்லது இருக்கிற ஆள் சோம்பேறி என்பது அவளுடைய எண்ணம். யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு எண்ணம் வர நியாயமும் இல்லை.

ஆனால் அவளுடைய மனிசன் ஆனந்தராஜாவுக்குச் சோறு போட்டது புல்தான். பெற்றோல் நிலையமொன்றில் பதினொரு வருடம் இரவு ஷிப்ட் பார்த்துக் கண் குழி விழுந்த மனிதர், அந்த இடம் மூடுபட்டதும் ஒரு பௌல்ஸ் கிளப்பில் கூட்டித் துடைக்கப் போனார். பௌல்ஸ் என்பது வெள்ளைக்கார வயதாளிகளின் விளையாட்டு. தேங்காயளவு பந்தைப் புல்லில் மெல்ல உருட்டித் தூரத்தில் கிடக்கும் சின்ன வெள்ளைப் பந்துக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதற்கு மேசை போலச் சமதரையான புல்திடல் வேண்டும். திடலைப் பார்த்துவந்த கிழவனுக்கு முழங்கால் போய் அவன் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர, வேறு ஆள் கிடைக்காமல் வாளியும் துணியுமாக நின்ற ஆனந்தராஜாவைக் கேட்டார்கள். அவர் ஓமென்றார். ஒரு குளிர்காலம் முழுக்க மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தார். அது பதினாலு வருடத்துக்கு முந்திய கதை.

அன்றிலிருந்து அவருக்குப் பேச்செல்லாம் புல். கலியாண வீட்டில் யாராவது சுகம் விசாரித்தால் திடலின் சுகத்தைச் சொல்வார். "வீட்டில மருந்துக்கும் ஒரு புல்லு இல்லை, ஊரான் புல்லுக்குக் காவல்," என்று தவநாயகி சபையில் வைத்தே சொல்வாள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு பெற்றோல் நிலையக் காலத்தில் அவரிடம் இருந்ததில்லை. அது அவளுக்குத் தெரியும், ஆனால் வாய்விட்டுச் சொன்னதில்லை.

போன நவம்பரில் பஸ்ஸில் வைத்து அவருக்கு நெஞ்சு நொந்தது. பத்தாம் நாள் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். கண் விழித்துக் குழாயெல்லாம் கழற்றிய பிறகு அவர் முதலில் சொன்ன முழு வசனம் இது:

"திடலில இலையள் விழுந்து கிடக்கும். ஒருத்தரும் அள்ள மாட்டினம்."

"நெஞ்சைப் பிளந்து தைச்சுப்போட்டுக் கிடக்கு. இவருக்கு இலையாம் இலை," என்றாள் தவநாயகி.

அடுத்த நாள் கிளப்பின் செயலாளர் கிரஹாம் திராட்சைப் பழத்தோடு வந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கெட்ட செய்தி சொல்ல முதல் ஜன்னலைப் பார்ப்பார்கள். கிரஹாமும் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். திடலை ஒப்பந்தத்துக்குப் பார்க்க ஒரு கம்பனி கேட்டிருக்கிறது, கமிட்டியில் சிலருக்கு அது பிடித்துமிருக்கிறது. பெப்ரவரி கடைசியில் கூடி முடிவெடுப்பார்கள். அதுவரை யாராவது பார்த்துத் திடல் பழுதாகாமல் நின்றால் ராஜாவின் இடம் ராஜாவுக்கே. பழுதானால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனந்தராஜா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. ஆனால் தவநாயகிக்கு அந்தக் கணத்தில் பென்ஷன் ஞாபகம் வரவில்லை. அந்தச் சிரிப்புப் போனால் மனிசனும் போய்விடுவார் என்றுதான் பயந்தாள்.

"நான் போறன்," என்றாள். பிறகு கிரஹாமைப் பார்த்து, "ஐ கோ," என்றாள்.

கிரஹாம் போன பிறகு ஆனந்தராஜா மெல்லக் கேட்டார். "உமக்குப் புல்லைப் பற்றி என்னப்பா தெரியும்?"

"பிடுங்கத் தெரியும்."

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

ஆனாலும் சொல்லிக் கொடுத்தார். கோடையில் திடலை வெட்டுவதும் உருட்டுவதும் பெரிய வேலை. குளிர்காலத்தில் வேலை குறைவு, ஆனால் பிழைத்தால் பெரிய பிழை. "இலையை அண்டண்டைக்கு அள்ளிப்போடும். விடியப் புல்லு நுனியில தண்ணி நிண்டால் தட்டி விடும், விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளையா உறைஞ்சு கிடந்தால் மட்டும் கால் வைக்கப்படாது. உறைஞ்ச புல்லு கண்ணாடி மாதிரி, மிதிச்சால் உள்ளுக்கை உடைஞ்சு போம். கடவுளே வந்தாலும் வெளியில நிக்கச் சொல்லும்."

"சரி, சரி. கதைக்காதைங்கோ, இருமல் வரும்," என்றாள் தவநாயகி.

மறுநாளிலிருந்து விடிய ஐந்தரைக்கு எழும்பி, அவருடைய பெரிய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அறுபது வயது. சான்விச் பக்டரியிலும் பள்ளிக்கூடச் சமையலறையிலுமாக இருபது வருடம் நின்றே வேலை செய்த கால்கள், இப்போதுதான் ஓய்வில் இருந்தன. ஓய்வு முடிந்தது என்று காலுக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

தண்ணீர் தட்ட ஆனந்தராஜா ஒரு நீளமான வளையும் கம்பு வைத்திருந்தார். அதைப் புல்லுக்கு மேலால் இடமும் வலமுமாக வீச வேண்டும். மூன்று நாள் வீசினாள், தோள் கழன்றது. நாலாம் நாள் ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடைக்குப் போய் ஒரு ஈர்க்கு விளக்குமாறு வாங்கி வந்தாள். ரயிலில் அதை மடியில் நிறுத்தி வைத்திருந்தவளை எல்லோரும் பார்த்தார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் அதற்கு நீளத் தடியொன்றைக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

சின்ன வயதில் முற்றம் கூட்டுவது அவளுடைய வேலை. பின்பக்கமாக நடந்து கூட்ட வேண்டும். கூட்டி முடித்தால் மணலில் பிறை பிறையாக விளக்குமாற்றின் கோடு மட்டும் கிடக்க வேண்டும், ஒரு காலடியும் தெரியக்கூடாது. தெரிந்தால் அம்மா திரும்பக் கூட்டச் சொல்வார், பள்ளிக்கூட மணி அடித்தாலும். தவநாயகிக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை. ஊரை நினைத்து ஏங்குகிறவர்கள் ஏங்கட்டும், அவள் அந்த விளக்குமாற்றுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டதில்லை. ஆனால் கை மறக்கவில்லை. மூலையில் தொடங்கிப் பின்காலில் நகர்ந்து, மெல்லத் தடவினாற்போல் கூட்டிக்கொண்டு வந்தாள். தண்ணீர் சிதறி விழுந்தது. முக்கால் மணித்தியாலத்தில் திடல் முழுக்கப் பிறைகள், ஒரு காலடி இல்லை. கிரஹாம் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் திடல் இவ்வளவு துப்புரவாக இருந்து தான் கண்டதில்லை என்றார். தவநாயகி அன்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

ஆனந்தராஜா டிசம்பர் முதல் வாரம் வீட்டுக்கு வந்தார். மகள் சயந்தினி வேலைக்கு லீவு போட்டு அவரை ஆஸ்பத்திரிப் பரிசோதனைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தவநாயகி திடலைப் பார்த்தாள். இடையிடையே வெள்ளையாய் உறைபனி விழுந்த நாட்களில் வெளியில் நின்று பார்த்துவிட்டு, இலையை மட்டும் வேலியோரத்தில் அள்ளிவிட்டுத் திரும்பினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஜனவரி இரண்டாம் கிழமை, ஒரு வியாழக்கிழமை பின்னேரம் கிரஹாம் போன் எடுத்தார். நாளைக்குப் பத்து மணிக்குத் தானும் கமிட்டியிலிருந்து இன்னொருவரும் திடலைப் பார்க்க வருவதாகவும், அவளும் நின்றால் நல்லது என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விடிய அவள் போய்க் கதவைத் திறந்தபோது திடல் முழுக்க வெள்ளை. மெல்லிய வெள்ளை இல்லை, உப்பளம் மாதிரித் தடித்த வெள்ளை. தவநாயகி விளக்குமாற்றோடு ஓரத்தில் நின்றாள். கால் வைக்கக்கூடாது என்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் ஆள் வரப்போகிறது. ஆள் வரும் நேரத்தில் முற்றம் கூட்டாமல் கிடக்கலாமா? அப்படிக் கிடந்தால் அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பதை அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ராஜாவின் மனிசி நித்திரை கொண்டுவிட்டாள் என்பார்கள். கம்பனிக்காரனைக் கூப்பிடுவார்கள். இங்கிலீசுக்காரர் உறைந்த புல்லை யாரும் கூட்டி வைப்பார்கள் என்று எதிர்பார்ப்பதே இல்லை என்ற விஷயம் அவளுடைய புத்திக்கு எட்டவில்லை.

கால்தானே படக்கூடாது என்று யோசித்தாள். திடலைச் சுற்றி ஓடும் ஓரத்துப் பள்ளத்தில் நின்றுகொண்டு நீளத் தடியால் எட்டும் மட்டும் கூட்டினாள். வெள்ளை போய்ப் பச்சை தெரிந்தது. பார்க்க வடிவாக இருந்தது. வடிவாக இருந்ததால் மிச்சமும் கூட்ட மனம் வந்தது. கிளப்பின் சாமான் கொட்டிலில் மணல் தள்ளுவண்டிக்குப் போடும் பலகைகள் இரண்டு கிடந்தன. ஒன்றைப் போட்டு அதில் ஏறி நின்று கூட்டி, மற்றதைப் பின்னால் போட்டு அதற்கு மாறி, முந்தியதை எடுத்துத் திரும்பப் பின்னால் போட்டு, இப்படியே திடல் முழுக்க வந்தாள். பலகை விழும்போது கீழே நறநறவென்று ஒரு சத்தம் கேட்டது. கேட்டதுதான். வேலை மும்முரத்தில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முற்றத்துக்குப் போலத் தண்ணீர் தெளிப்போமா என்றுகூட ஒருக்கால் நினைத்தாள். நல்ல காலம், வாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பத்து மணிக்குக் கிரஹாமும் கமிட்டி அம்மா ஒருவரும் வந்தார்கள். சுற்றுத் தோட்டமெல்லாம் வெள்ளையாய்க் கிடக்க, நடுவில் திடல் மட்டும் பச்சைப் பிறைகளோடு கிடந்தது. அந்த அம்மா அழகு, அழகு என்று இரண்டு தரம் சொன்னார். கிரஹாம் ஏதோ கேட்க வாயெடுத்தார், அந்த அம்மா பேசிக்கொண்டே போனதால் விட்டுவிட்டார். தவநாயகி வீட்டுக்கு வந்து இறால் சமைத்தாள்.

"கமிட்டிக்காரர் என்னவாம்?" என்று ஆனந்தராஜா கேட்டார்.

"வடிவாக் கிடக்காம். ரெண்டு தரம் சொன்னவா."

எப்படிக் கூட்டினீர் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடிய வெயில் எறித்தது. திடலில் பிறை பிறையாகக் கறுப்பு. மீன் செதிலை அடுக்கினது போல மூலைக்கு மூலை ஒரே ஒழுங்காகக் கறுத்துக் கிடந்தது. நடுநடுவே பலகை கிடந்த இடங்கள் நீள்சதுரமாக இன்னும் கறுப்பு. செவ்வாய்க்கிழமை கறுப்புக் காய்ந்து மண்ணிறமானது. கண்ணாடி மாதிரி என்று அவர் சொன்னது அப்போதுதான் அவளுக்குத் திரும்பக் கேட்டது. கால் வைக்காமலே கண்ணாடியை உடைக்கலாம், விளக்குமாற்றாலும் பலகையாலும் உடைக்கலாம் என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கியிருக்கும். தவநாயகி கொட்டிலுக்குள் போய் மணல் மூட்டையில் இருந்து, தன்னைத் தானே வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவ்வளவு ஒழுங்காக நாசமாக்கியிருந்தாள் என்பதுதான் அவளை எல்லாவற்றிலும் மேலாக வருத்தியது.

அவருக்குச் சொல்ல முடியாது. அப்பாவை ஒன்றுக்கும் டென்ஷன் ஆக்காதைங்கோ அம்மா என்று சயந்தினி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். தைத்த நெஞ்சு இன்னும் முழுதாகக் காயவில்லை. ஆகவே தவநாயகி பொய் சொல்லத் தொடங்கினாள். கிளப் கட்டடத்துப் பக்கம் ஒரு மூலையில் அவள் அன்று சரியாக எட்டிக் கூட்டவில்லை, அது பச்சையாகவே நின்றது. தினமும் அந்த மூலையை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினாள்.

"நல்லாக் கிடக்கு," என்பார் ஆனந்தராஜா. "பெப்ரவரி கடைசியில நானும் ஒருக்கா வந்து பாக்கிறன்."

"உங்களுக்கென்ன அவசரம்?" என்பாள் அவள். சாப்பிட்டது அவளுக்கு உடம்பில் ஒட்டவில்லை.

அதன் பிறகு அவள் திடலில் விளக்குமாறு வைக்கவில்லை. தினமும் போவாள், இலையை அள்ளுவாள், ஓரத்தில் நின்று பார்ப்பாள். வெள்ளை இல்லாத நாட்களிலும் இது உறைந்திருக்குமோ என்று பயம். தொட்டால் எங்கே இன்னும் உடையுமோ என்று பயம். ஜனவரிக் கடைசியில் குளிர் குறைந்து மழையும் மந்தாரமுமாக இரண்டு கிழமை இருந்தது. புல் நுனியில் மத்தியானம் வரைக்கும் தண்ணீர் நின்றது. வேலிப் பக்கத்து மூலையில் காசளவு வட்டம் வட்டமாகப் பழுப்பு வந்தது, பிறகு அது இடியப்பத் தட்டளவு ஆனது. இதுவும் அந்த வெள்ளிக்கிழமை செய்த வினைதான் என்று அவள் நினைத்தாள். அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டாள்.

பெப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை கிரஹாம் வருவதாகச் சொல்லியிருந்தார், அன்று பின்னேரம் கமிட்டி. விடிய எழும்பிப் பார்த்தால் ஆனந்தராஜா சப்பாத்துப் போட்டு, தொப்பி வைத்துக் கதிரையில் இருந்தார். இனி மறிக்க வழியில்லை. வீதியோரத்துக் கார்களில் வெள்ளை பிடித்திருந்தது. பஸ்ஸில் முன்வரிசை இருக்கையில் இரண்டு பேரும் இருந்தார்கள். மூன்று தரிப்பு வரைக்கும் அவள் பொறுத்தாள்.

"இஞ்சருங்கோ, நான் ஒண்டு சொல்லோணும். நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு கேளுங்கோ."

சொன்னாள். ஒன்றும் மறைக்கவில்லை. அவர் நேரே பார்த்துக்கொண்டு கேட்டார். முடிய, "பலகையும் போட்டனீரோ?" என்றார்.

"ஓம்."

"ரெண்டு பலகையோ?"

"ஓம்."

"அப்ப கால் படேல்லை எண்டு சொல்லும்," என்றார். அது பகிடியா கோபமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

திடலில் மெல்லிய வெள்ளை கிடந்தது. வெயில் பட்ட பக்கத்து ஓரம் மட்டும் இளகியிருந்தது. ஆனந்தராஜா பிறைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு பள்ளத்தோரம் மெல்ல முழந்தாளிட்டு, இளகிய இடத்தில் காய்ந்த புல்லை இரண்டு விரலால் விலக்கினார்.

"வந்து பாரும். அடியைப் பாரும்."

பார்த்தாள். காய்ந்த நுனிக்குக் கீழே, மண்ணோடு ஒட்டினாற்போல் பச்சை இருந்தது.

"குருத்துச் சாகேல்லை. நுனிதான் கருகிப் போட்டுது. பங்குனியில சூடு வர எல்லாம் புதுசா வரும். நான் முதல் வருசம் இதைவிட மோசமாச் செய்தனான். பாத்து வெருண்டு போய்க் குந்தியிருந்தனான்."

தவநாயகிக்குக் கண் நிறைந்தது. மூக்கை ஜக்கெற் கையில் துடைத்துக்கொண்டு அவரைப் பிடித்து எழுப்பினாள். அப்போதுதான் அவருடைய கண் வேலி மூலைக்குப் போனது. சுற்றுப் பாதையால் நடந்து அங்கே போய் நின்றார்.

"இது எப்ப வந்தது?"

"தை கடைசியில. அண்டைக்கு நான் கூட்டினதால..."

"இது அதால இல்லை. இது ஈரம் நிண்டு வந்த பூஞ்சணம். நீர் தண்ணி தட்டேல்லையோ?"

"பயந்து போனன்."

"எத்தினை நாள் தட்டேல்லை?"

"பிறகு ஒரு நாளும் தட்டேல்லை."

ஆனந்தராஜாவுக்குக் கோபம் வந்தது. நெஞ்சு வெட்டின பிறகு வந்த முதல் கோபம். "ஒரு நாள் கூட்டினதுக்கு நான் ஏதும் சொன்னனானோ? ஒண்டரை மாசம் விளக்குமாத்தைப் பிடிச்சுக்கொண்டு சும்மா நிண்டிருக்கிறீர்! குருத்தோட அழுகிப் போச்சு. இது தானா வராது, வெட்டி எடுத்துப் புதுசு வைக்கோணும்."

"கத்தாதைங்கோ! நீங்கள் செத்துக்கித்துப் போடுவியள் எண்டு பயந்துதானே நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் நிண்டனான்!" என்று அவளும் கத்தினாள். வேலிக்கு அப்பால் நாயோடு போன ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்துக் கிரஹாம் வந்தார். ஆனந்தராஜா தொப்பியைக் கழற்றினார். எல்லாம் தன் பிழை, தான்தான் பிழையாகச் சொல்லிக் கொடுத்தேன் என்று இங்கிலீசில் தொடங்கினார். முப்பது வருடத்தில் வெள்ளைக்காரர் முன்னால் மனிசனை மறித்துப் பேசியிராத தவநாயகி, "நோ," என்றாள். "ஹி டெல் ரைட். ஐ சுவீப். ஐ டூ."

கிரஹாம் தலையாட்டினார். தனக்கு ஜனவரியிலேயே தெரியும் என்றார். கமிட்டியிலும் சொல்லிவிட்டாராம். பிறைகள் வளர்ந்துவிடும், மூலையை வெட்டி ஒட்டலாம், அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. இன்று பின்னேரம் கமிட்டி தன்னிடம் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான். மார்ச்சில் வெட்டு மெசின் எடுக்க வேண்டும், ராஜா எப்போது வருகிறார்?

ஆனந்தராஜா தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் வரமாட்டேன்," என்றார். இனிமேல் பாரமான மெசின் தள்ளக்கூடாது, குனிந்து நிமிர்ந்து செய்யும் வேலை ஒன்றும் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்றார். எப்போது சொன்னார் என்று கிரஹாம் கேட்டார். டிசம்பரில் என்றார் ஆனந்தராஜா.

தவநாயகிக்கு அந்த இங்கிலீஷ் முழுக்க விளங்கியது. டிசம்பர். அவள் இந்த வேலையை இவருக்காகக் கட்டிக் காத்த அத்தனை விடியல்களிலும் இவரிடம் அந்த வேலை இல்லை. சயந்தினிக்கும் தெரிந்திருக்கிறது.

"அவளைக் கேளுங்கள்," என்று ஆனந்தராஜா கிரஹாமிடம் சொன்னார். "நவம்பரிலும் டிசம்பரிலும் திடல் எப்படி இருந்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

கிரஹாம் அவளைப் பார்த்தார். இந்த முறை அவர் ஜன்னல் எதையும் தேடவில்லை. கமிட்டியில் தான் பேசுவேன் என்றார். இந்தக் கோடைக்கு அவள் பொறுப்பெடுப்பாளா என்று கேட்டார். அன்றைக்கு அழகு என்று சொன்ன அந்த அம்மாவும் ஓமென்பார் என்று நினைக்கிறேன், உண்மை தெரிந்த பிறகும் என்றார்.

"எனக்கு மெசின் தெரியாது," என்றாள் தவநாயகி மனிசனைப் பார்த்து, தமிழில்.

"கையில பிடிச்சுக்கொண்டு பின்னால போறதுதான். அது தானா ஓடும்."

அவள் கொஞ்ச நேரம் திடலைப் பார்த்தாள். காய்ந்த பிறைகளையும் பார்த்தாள், அழுகிய மூலையையும் பார்த்தாள்.

"யெஸ்," என்றாள் கிரஹாமிடம்.

கிரஹாம் தேத்தண்ணி போட உள்ளே போனார். ஆனந்தராஜா திடலோரத்து மர வாங்கிலில் போய் இருந்தார். அவள் இருக்கவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீர் இஞ்ச வந்திருக்க மாட்டீர். என்னைப் பாத்துக்கொண்டு வீட்டில குந்தியிருந்திருப்பீர்."

அது உண்மை. உண்மையென்பதால் கோபம் இன்னும் கூடியது. நல்ல நாலு சொல் கேட்பதற்கு வாயைத் திறந்தபோது அவர் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. சத்தமில்லை, தொப்பி நனைந்துகொண்டிருந்தது. ஒன்றரை மாதம் இந்த மனிசன் ஒரு மூலைப் படத்தைத் தினமும் வாங்கிப் பார்த்து, நல்லாக் கிடக்கு நல்லாக் கிடக்கு என்று சொல்லிக்கொண்டு, இனிமேல் தன் கால் அங்கே வேலைக்குப் படாது என்பதை டிசம்பரிலிருந்தே தனக்குள் வைத்திருந்திருக்கிறார். தவநாயகி பக்கத்தில் இருந்து அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கோபம் முழுக்கப் போகவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன.

கொஞ்ச நேரம் போக அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். பள்ளத்துக்குக் கிட்டப் போய் நின்றார். அந்தத் திடலில் யாரையும் கேட்காமல் பதினாலு வருடம் இறங்கி நடந்த மனிதர், திரும்பி மனிசியைப் பார்த்தார்.

"நான் ஒருக்கா இறங்கட்டோ? நடுவில போய் நிண்டு பாத்துப்போட்டு வாறன்."

தவநாயகி எழும்பிப் போனாள். குனிந்து உள்ளங்கையைப் புல்லில் வைத்தாள். வெயில் பட்ட இடத்தில் ஈரம் தட்டுப்பட்டது. கையை இன்னும் உள்ளே நீட்டி நிழலில் வைத்தாள், அங்கே இன்னும் விறைப்பாக இருந்தது.

"இல்லை," என்றாள். "இன்னும் இளகேல்லை. பத்தரை மணி மட்டும் பொறுங்கோ."

ஆனந்தராஜா திரும்பிப்போய் வாங்கிலில் இருந்தார்.